பவுடர் கன்னைக் கடைசியாக வாங்குங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான்: ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், பேட்டரி பெட்டி, செயின் கவர், என்ஜின் சைடு கவர், பெட்ரோல் டேங்க், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே பவுடர் கோட்டிங் (பெயிண்டுக்குப் பதிலாக நிறத் தூளை ஒட்டவைத்து ஓவனில் சுடுகிற பூச்சு) போட ஆசை. பழைய 60 லிட்டர் ஓடிஜி (கேக் சுடுகிற மின்சார ஓவன்) ஒன்றும் சின்ன கம்ப்ரஸரும் இருக்கின்றன. கடையில் சில்லறை வேலைக்கு அதிகம் கேட்கிறார்கள். பவுடர் அடிக்கிற கன் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. ஆனால் முடியாத காரியமும் இல்லை. கோவையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் எட்டு வருடமாக நானும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்: பழைய சைக்கிள், பைக் பாகங்கள், தையல் மெஷின் கால், ஒருமுறை பக்கத்து வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் வரைக்கும். நான் முதலில் வாங்கியதும் கன்தான். அது மூன்று மாதம் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது, ஏனென்றால் அடித்ததைச் சுட என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பாகத்துக்கு ஒன்றரை நாள் ஆகிறது என்றால் அதில் கன் கையில் இருக்கும் நேரம் இரண்டு நிமிடம், மீதி எல்லாம் சுத்தம் செய்வதும் சுடுவதும்தான். அதனால் ஓவனில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

பவுடர் என்பது பெயிண்டைக் காயவைத்துப் பொடித்தது இல்லை. ரெசின், அதைக் கெட்டிப்படுத்தும் பொருள், நிறமி எல்லாவற்றையும் உருக்கிக் கலந்து, தகடாக்கி, அரைத்து எடுத்த மாவு. தின்னர் கிடையாது, அதனால் காய்வது என்ற பேச்சே இல்லை. கன் அந்த மாவுக்கு மின்னூட்டம் கொடுக்கிறது, எர்த் செய்த இரும்பு அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வாயால் ஊதினாலே போய்விடும். ஓவனுக்குள் போய் 120 டிகிரி வாக்கில் உருகி ஓடிப் பளபளவென்று ஈரமாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பளபளப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று அணைத்துவிடுகிறார்கள். அது உருகியிருக்கிறதே தவிர வேகவில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அதற்கும் மேல் சூட்டில், நேரம் எடுத்து நடக்கிற வேலை. பாக்கெட்டில் 200 டிகிரி 10 நிமிடம் என்றோ, 180 டிகிரி 20 நிமிடம் என்றோ போட்டிருப்பார்கள். அது ஓவன் குமிழைத் திருப்பி வைக்கிற சூடு இல்லை, இரும்பின் சூடு. அடுப்பைப் பற்றவைத்த உடனே தோசைக்கல் காய்ந்துவிடுவதில்லை, அதே கதைதான். இரும்பு 200-ஐத் தொட்ட பிறகுதான் அந்தப் பத்து நிமிடத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சைடு ஸ்டாண்டில். மெல்லிய தகடான பேட்டரி பெட்டியையும் கனமான ஸ்டாண்டையும் ஒன்றாக ஓவனில் வைத்தேன், இரண்டும் ஒன்றாகப் பளபளத்தன, இருபது நிமிடத்தில் வெளியே எடுத்தேன். பெட்டி இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. ஸ்டாண்டில் மெல்லிய கிளிப் பக்கம் ஒட்டியிருந்தது, தடித்த கால் பக்கம் இரண்டாவது வாரமே வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. தடித்த இரும்பு 200-க்கு வரவே அந்த ஓவனில் முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதைப் பிறகு அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே கன் வாங்கும் முன் ஒரு கே டைப் தெர்மோகப்பிளும் (தொட்டுச் சூட்டை அளக்கிற வயர்) அதற்கான மீட்டரும் வாங்குங்கள், விலை ரொம்ப இல்லை. வயரின் நுனியைப் பாகத்தில் இருக்கிற ஏதாவது ஒரு போல்ட் ஓட்டையில் வாஷர் வைத்து இறுக்கிவிடுங்கள், தடித்த இடத்தில். தூரத்திலிருந்து காட்டி அளக்கிற அகச்சிவப்பு வெப்பமானியை நம்பி மோசம் போகாதீர்கள். பூச்சு மேல் காட்டினால் ஓரளவு சரியாகச் சொல்லும், பளபளப்பான வெற்று உலோகத்தில் காட்டினால் 200 இருக்கும் இடத்தில் 100-க்குக் கீழேகூடக் காட்டும்.

சரி, ஓடிஜி. சின்ன பாகங்களுக்கு அது போதும், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் இன்றைக்கு அதில் பவுடர் சுட்டீர்கள் என்றால் அதோடு அதற்கும் சமையலுக்கும் உறவு முடிந்தது. கழுவி விட்டுக் கேக் போடலாம் என்று யோசிக்கவே வேண்டாம், உள்ளே படிகிற ஆவியும் தூளும் போகாது. சமையலறையிலிருந்து தூக்கிக் கொட்டகைக்கோ மொட்டை மாடி அறைக்கோ கொண்டுபோய்விடுங்கள், சுடும்போது வருகிற வாடையும் புகையும் வீட்டுக்குள் தாங்காது. 2000 வாட் ஓவன் ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும், மிக்ஸி போடுகிற பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுக்காதீர்கள். இன்னொன்று, ஓடிஜியில் மேலும் கீழும் கம்பி சிவந்து எரிகிறது அல்லவா, அதன் நேரடிச் சூடு பக்கத்தில் இருக்கிற பூச்சைக் கருக்கிவிடும். வெள்ளை, கிரீம் என்றால் பழுப்பு ஏறிவிடும். கம்பிக்கும் பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஸ்டீல் தகடு மறைப்பாக வையுங்கள், சூடு சுற்றி வரட்டும். விசிறி உள்ள ஓடிஜி என்றால் பவுடர் உருகும் வரை விசிறியை நிறுத்தி வைக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ஒட்டியிருக்கிற தூள் ஓரங்களில் பறக்கும்.

கேஸ் ஓவனில் செய்யலாமா என்று கேட்காமலே சொல்லிவிடுகிறேன், கூடாது. காரணம் கீழே வருகிறது.

பெரிய ஓவன் கட்டுவது தனிக் கதை. உள்ளே ஜிஐ தகடு, வெளியே ஜிஐ தகடு, நடுவில் சூடு வெளியே போகாமல் தடுக்க மூன்று நான்கு அங்குலம் ராக்வூல், கீழே ஹீட்டர், வெப்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பிஐடி கன்ட்ரோலர். வெல்டிங் தெரிந்தவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், மின் வேலையை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஒரே ஒரு பைக்குக்காக இதைக் கட்டாதீர்கள்.

இப்போது சுத்தம். இதில்தான் என் நேரம் எல்லாம் போகிறது, இதில் அவசரப்பட்டவர்களின் வேலைதான் ஆறு மாதத்தில் உரிகிறது. பழைய பெயிண்ட் முழுதாகப் போக வேண்டும். லப்பம் இருந்தால் அதுவும் போக வேண்டும், ஏனென்றால் சாதாரண லப்பம் 200 டிகிரியைத் தாங்காது, மின்சாரத்தையும் கடத்தாது, அதன் மேல் பவுடர் சரியாக உட்காராது. பள்ளத்தை லப்பத்தால் மூடி மறைக்கிற பெயிண்டர் வித்தை இங்கே எடுபடாது, தட்டி நிமிர்த்தவோ வெல்டிங் வைத்துச் சாணை பிடிக்கவோதான் வேண்டும். பெயிண்டை எடுக்க காஸ்டிக் சோடா கரைசல் இரும்புக்கு நன்றாக வேலை செய்யும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆனால் உங்கள் என்ஜின் சைடு கவர் அலுமினியம், அதைக் காஸ்டிக்கில் போட்டால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு வரும், கவரையும் தின்றுவிடும்.

துருவுக்கு மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போதும். லிட்டருக்கு ஐம்பதிலிருந்து நூறு கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். பிறகு தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, திரும்பக் கழுவி, உடனே ஓவனில் காயவையுங்கள். வெயிலில் காயட்டும் என்று விட்டால் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும். ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். கடினமான ஸ்பிரிங் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பிறகு ஒருநாள் பட்டென்று ஒடியும்.

மணல் வீசிச் சுத்தம் செய்கிற சாண்ட் பிளாஸ்டிங் வசதி பக்கத்துப் பட்டறையில் இருந்தால் பணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், அதற்கு இணை எதுவும் இல்லை. பவுடருக்குப் பிடிமானம் கொடுக்கிற சொரசொரப்பு அதில்தான் ஒரே சீராகக் கிடைக்கிறது. வீட்டில் சின்ன பிளாஸ்டிங் கன் வைத்துச் செய்கிறேன் என்று ஆற்று மணலைச் சலித்துப் போடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அது வேண்டாம். அந்தச் சிலிக்கா தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, சிலிக்கோசிஸ் வந்தவர்களுக்கு மருந்து கிடையாது. அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள், அல்லது கார்னெட். நம்முடைய தெற்குக் கடற்கரையில் சிவப்பாகக் கோடு போட்டுக் கிடக்குமே, அந்த மணல்தான் கார்னெட். பிளாஸ்டிங் இல்லையென்றால் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும், கை வலிக்கும்.

எண்ணெய் போயிற்றா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மேலே தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு பிரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்ப சோப்புத் தண்ணீருக்குப் போங்கள். கடைசியாக அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடவே கூடாது. என்னுடைய ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரில் என் கட்டைவிரல் ரேகை பூச்சுக்கு அடியில் அச்சாக இருக்கிறது, ஆதாருக்குக் கொடுத்ததைவிடத் தெளிவாக.

பெரிய பட்டறைகளில் இதற்கு மேல் ஒரு படி உண்டு. செவன் டேங்க் என்பார்கள்: எண்ணெய் நீக்கம், துரு நீக்கம், பாஸ்பேட், பாசிவேஷன், நடுநடுவே தண்ணீர் என வரிசையாகத் தொட்டிகளில் முக்கி எடுப்பார்கள். அந்த பாஸ்பேட் படலம்தான் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் துரு அடியில் ஊர்ந்து போகாமல் தடுக்கிறது. வீட்டில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரால் துடைத்துக் கழுவி ஓரளவுக்குத்தான் அதை ஈடுகட்ட முடியும். மெரினா காற்றோ தூத்துக்குடி உப்புக் காற்றோ படுகிற இடம் என்றால் வீட்டு வேலை கொஞ்சம் சீக்கிரமே தோற்கும், அல்லது அடியில் ஜிங்க் அதிகமுள்ள எபாக்சி பிரைமர் பவுடர் ஒரு கோட் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஓவனுக்குள் போகவே கூடாதவை. இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

ஷாக் அப்சார்பரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். உள்ளே எண்ணெய், சிலதில் அழுத்தத்தில் வாயு, சூடு ஏறினால் அது குண்டு. முழுதாகப் பிரித்து வெறும் ஸ்பிரிங்கையோ உறையையோ சுடுவது வேறு விஷயம். பெட்ரோல் டேங்க் அதைவிட மோசம். காலியாக இருக்கிறது, ஒரு மாதம் வெயிலில் காய்ந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. மடிப்புகளிலும் துருவிலும் ஊறியிருக்கிற பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, சிவந்த ஹீட்டர் கம்பிக்கு முன்னால் வந்து நிற்கும். தவிர, பழைய டேங்கில் ஓட்டை அடைக்க ஈயப் பற்று வைத்திருப்பார்கள், அது 190 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். டேங்குக்கு நல்ல பெயிண்டரைப் பாருங்கள், அந்தப் பளபளப்பும் ஸ்டிக்கருக்கு மேல் லாக்கரும் பெயிண்டில்தான் அழகாக வரும்.

பேரிங், ரப்பர் புஷ், ஆயில் சீல், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் ஃபுட்ரெஸ்ட் குழாய்க்குள் பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். கால்வனைஸ் செய்த நட்டு போல்ட்டுகளில் பவுடருக்கு அடியிலிருந்து காற்று கொப்பளித்துக் கொசுக் கடித்தது மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். குரோம் மேல் ஒட்டாது, குரோமை எடுத்தாக வேண்டும். சைலன்சருக்குச் சாதாரண பவுடர் தாங்காது, அதற்குச் சிலிக்கான் கலந்த தனி வகை இருக்கிறது. அலுமினிய அலாய் வீலையும் நான் வீட்டில் தொடுவதில்லை. அவற்றின் உறுதி 150, 170 டிகிரி வாக்கில் பக்குவமாகச் சூடாக்கிக் கொண்டுவந்தது. குமிழ் ஒன்று சொல்ல உள்ளே வேறொரு சூடு இருக்கிற ஓடிஜியில் அதைத் திரும்பத் திரும்பச் சுட்டால் என்ன ஆகும் என்று ஓடுகிற சக்கரத்தில் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

என்ஜின் சைடு கவர் செய்யலாம், பொறுமை இருந்தால். வார்ப்பு அலுமினியம் பஞ்சு மாதிரி, முப்பது வருட எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். பூச்சு இல்லாமல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வெறுமனே சுடுங்கள். புகையும், வேர்க்கும். எடுத்து ஆறவைத்து அசிட்டோனால் துடைத்துத் திரும்பச் சுடுங்கள். என்னிடம் வந்த ஒரு கவர் மூன்றாவது முறைதான் அடங்கியது. சுடுகிற சூடு பிறகு பூச்சை வேகவைக்கப் போகிற சூட்டைவிட பத்து இருபது டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வர வேண்டியதெல்லாம் முன்கூட்டியே வந்துவிடும்.

மறைப்பு வேலைக்கு ஒரு வார்த்தை. திரெட், பேரிங் உட்காரும் இடம், கேஸ்கெட் முகம், எர்த் வயர் போல்ட் போடும் இடம் இவற்றை மறைக்க வேண்டும். பெயிண்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் கருகிப் பசையாகிவிடும். பச்சை நிறத்தில் வருகிற பாலியஸ்டர் டேப், அல்லது மஞ்சளாக இருக்கிற கேப்டான் டேப், ஓட்டைகளுக்குச் சிலிக்கான் அடைப்பான். டேப்பைச் சுட்டு முடித்துக் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே உரித்தால் விளிம்பு சுத்தமாக வரும். மறந்துபோய்த் திரெட்டில் பூச்சு ஏறிவிட்டால் டேப் போட்டுத் திரும்பத் திரெட் வெட்ட வேண்டும். இங்கே டேப் என்பது லேத்காரர் சொல்கிற டேப், ஒட்டுகிற டேப் இல்லை.

இப்போதுதான் கன். வீட்டு உபயோகத்துக்கு வருகிற சின்ன கன்கள் பத்திலிருந்து இருபத்தைந்து கிலோவோல்ட் வரை கொடுக்கும், பட்டறைக் கன்கள் 60 முதல் 100 வரை. ஸ்டாண்டு, பிராக்கெட் மாதிரிப் பாகங்களுக்குச் சின்னதே தாராளம். பெரிய வோல்டேஜ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தப்பு, பல சமயம் அதுதான் தொந்தரவு. பேட்டரி பெட்டியின் உள் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்புலம் விளிம்பிலேயே குவிந்துவிடும், பவுடரும் விளிம்பில் போய் அப்பிக்கொள்ளும், மூலை வெறுமையாகவே நிற்கும். இதைப் ஃபாரடே கூண்டு என்பார்கள். நீங்கள் மூலையையே குறிவைத்து அடிக்க அடிக்க விளிம்பு தடித்துக்கொண்டே போகும். வோல்டேஜைக் குறைத்து, காற்றையும் குறைத்து, மூலையை முதலில் அடித்துவிட்டு விளிம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாத மூலைக்கு என் வழி, பாகத்தை லேசாகச் சூடாக்கிவிட்டு அடிப்பது. சூட்டில் தூள் பட்ட இடத்திலேயே ஒட்டும், மின்சாரத்தின் தயவு தேவையில்லை. கொஞ்சம் அசந்தால் தடிமன் ஏறிவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

எர்த்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பவுடர் பறக்கிறது ஆனால் ஒட்டவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது கொக்கியைத்தான். பாகத்தைத் தொங்கவிடும் கம்பி ஒவ்வொரு முறையும் சேர்ந்து பூச்சு வாங்கிக்கொள்கிறது, பூச்சு பிளாஸ்டிக், மூன்றாவது முறை அது கம்பி இல்லை, காப்பிட்ட வயர். தொடும் இடத்தை அரத்தால் உரசி இரும்பு தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கிளிப்பை நேரடியாகப் பாகத்திலேயே மாட்டுங்கள். வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய வீடுகளில் அது வெறும் ஓட்டை. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, தேவைப்பட்டால் கொட்டகைக்கென்று ஒரு எர்த் கம்பி அடித்துவிடுங்கள். ஒருமுறை கிளிப் கழன்றது தெரியாமல் அடித்தேன், பாதிப் பவுடர் என் சட்டையில் வந்து ஒட்டியது, பாகத்தைத் தொட்டபோது முழங்கை வரை ஒரு வெட்டு வெட்டியது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையின் பக்கத்திலேயே வரக்கூடாது.

கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. சின்ன கன்னுக்குப் பத்து பிஎஸ்ஐ போதும், ஆனால் அந்தப் பத்தும் உலர்ந்த காற்றாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரஸர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து பாருங்கள், டம்ளர் கணக்கில் தண்ணீர் வரும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று, அதற்குப் பின்னால் சிலிக்கா ஜெல் ஒன்று. இல்லையென்றால் பவுடர் ரவை ரவையாகத் துப்பும். கன் நுனியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம். அடியில் இருக்கிற உலோகம் தெரியாமல் மூடியதும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால் ஒட்டிய பவுடரே புதிதாக வருவதைத் தள்ள ஆரம்பிக்கும், சுட்ட பிறகு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக நிற்கும். வேண்டியது 60 முதல் 80 மைக்ரான், ஒரு தலைமுடி அளவு.

கேஸ் ஓவன் கூடாது, காரணம் கீழே வருகிறது என்றேனே, அது இது. காற்றில் மிதக்கிற எந்த எரியும் தூளும், மாவு மில் மாவு உட்பட, ஒரு அளவுக்கு மேல் சேர்ந்து பொறி பட்டால் வெடிக்கும். பவுடரும் அப்படித்தான், கையிலோ பொறி உண்டாக்குகிற கருவி. அதனால்தான் கேஸ் ஓவன் கூடாது, ஓவன் சூடாக இருக்கும்போது பக்கத்தில் நின்று அடிக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. நான் பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் தொங்கவிட்டு அடிக்கிறேன், ஓவன் கொட்டகையின் மறு கோடியில் அணைந்து இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க ஆசைப்பட்டால் தூள் மோட்டார் வழியாகப் போகாதபடி முன்னால் ஃபில்டர் வேண்டும். சிந்தியதைக் காற்று அடித்து விரட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் மோட்டாரிலும் பொறி உண்டு.

முகமூடி என்95-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம், கர்ச்சீப் கட்டுவது கணக்கில் சேராது. வெளியில் வைக்கும் பொருட்களுக்கான பாலியஸ்டர் பவுடர்கள் பலவற்றில் டிஜிஐசி என்ற கெட்டிப்படுத்தும் பொருள் இருக்கும். ஐரோப்பாவில் அதை மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தி, அங்கே பெரும்பாலும் மாற்றுப் பொருளுக்குப் போய்விட்டார்கள். டிஜிஐசி இல்லாதது என்று கேட்டால் இங்கேயும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பவுடரில் எதை வாங்குவது? மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். எபாக்சி துருவுக்கு எதிராக நன்றாக நிற்கும், வெயிலில் வைத்தால் சில மாதத்தில் சுண்ணாம்பு பூத்தது போல வெளுக்கும். பாலியஸ்டர் வெயில் தாங்கும். இரண்டும் கலந்த ஹைப்ரிட் வீட்டுக்குள் இருக்கிற பீரோ, ஃபேன் வகையறாவுக்கு. பைக்குக்கு பியூர் பாலியஸ்டர். மலிவாகக் கிடைக்கிறதென்று ஹைப்ரிட் வாங்கி பைக்கில் போட்டுவிட்டு, பவுடர் கோட்டிங்கே மோசம் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களை எனக்குத் தெரியும். நிறத்துக்கு ஆர்ஏஎல் எண் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் தருகிற பட்டியல்) சொல்லுங்கள். கறுப்பு என்றால் கடைக்காரர் நாலு கறுப்பு எடுத்துப் போடுவார், 9005 என்றால் ஒன்றுதான். கூடவே கிளாஸா, மேட்டா, செமி கிளாஸா என்றும் சொல்ல வேண்டும். ஃபிரேமோடு ஒத்துப்போக செமி கிளாஸ் நன்றாக இருக்கும் என்பது என் ரசனை.

அளவு? ஒரு கிலோ பவுடர் ஒரு துளியும் வீணாகாமல் 60 மைக்ரானில் பரவினால் சுமார் 11 சதுர மீட்டர் மூடும். வீட்டில் பாதி தரைக்குப் போகும், ஐந்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டரைத் தாண்டினாலே அதிகம். அரைக் கிலோ போதும், கடைகளில் பெரும்பாலும் பெரிய பெட்டியாகத்தான் கொடுப்பார்கள், பட்டறையில் கேட்டால் சில்லறையாக அள்ளிக் கொடுப்பார்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த என் சிவப்புப் பவுடர் ஒரே கட்டியாகிவிட்டது. தரையில் விழுந்ததைக் கூட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அதோடு முடியும் மண்ணும் சேர்ந்து வரும்.

கன் வாங்காமலே ஒருமுறை செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் காற்றில் குமுறிக்கொண்டிருக்கும் பவுடர் தொட்டிக்குள் சூடான பாகத்தை முக்கி எடுக்கிற முறையைத்தான் கொண்டுவந்தார், மின்னூட்டம் கொடுக்கும் கன் 60-களில்தான் வந்தது. நீங்கள் ஒரு பழைய பிராக்கெட்டைச் சுத்தம் செய்து, 180 டிகிரிக்குச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு மேலே டீ வடிகட்டியால் பவுடரைத் தூவித் திரும்ப ஓவனில் வையுங்கள். தடிமனாக, ஒழுங்கில்லாமல்தான் வரும். ஆனால் உங்கள் சுத்தமும் உங்கள் ஓவனும் சரியா என்பது ஐம்பது கிராம் பவுடரில் தெரிந்துவிடும்.

ஆறிய பிறகு சோதனை. தெரியாத ஒரு பக்கத்தில் தின்னர் தொட்ட துணியால் இருபது முப்பது முறை அழுத்தித் தேயுங்கள். பளபளப்பு லேசாக மங்கினால் பரவாயில்லை, நிறம் துணியில் தாராளமாக வந்தாலோ பூச்சு பிசுபிசுத்தாலோ வேகவில்லை, திரும்ப ஓவனில் வைத்து நேரம் கொடுக்கலாம், கெட்டுப்போகாது. பிறகு பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கிழித்து, நல்ல செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகப் பெயர்ந்து வந்தால் சுத்தம் சரியில்லை, அதை எவ்வளவு சுட்டாலும் திருத்த முடியாது, உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், பேட்டரி பெட்டி மூன்றும் வீட்டில் செய்யுங்கள், பெட்டியில் ஆரம்பியுங்கள், மெல்லிய தகடு சீக்கிரம் சூடாகும். சென்டர் ஸ்டாண்டும் செயின் கவரும் ஓடிஜிக்குள் போகிறதா என்று முதலில் அளவு டேப்பால் அளந்து பாருங்கள், சுவரில் படாமல் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் இடம் இருக்க வேண்டும். செயின் கவர் நுழையாது என்றுதான் நினைக்கிறேன். பாதியைச் சுட்டுத் திருப்பி வைத்து மறு பாதியைச் சுடலாமா என்று யோசிக்காதீர்கள், நான் யோசித்திருக்கிறேன். சைடு கவர் இரண்டாவது மாதத்துக்கு. டேங்க் பெயிண்டரிடம், ஷாக் அப்சார்பர் அப்படியே துடைத்து மாட்ட.

ஓவனுக்குள் போகாததையும் ஃபிரேமையும் துரு, பெயிண்ட், லப்பம் எல்லாம் எடுத்துச் சுத்தமாகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கோவையில் கணபதி, குறிச்சி, சென்னையில் அம்பத்தூர் மாதிரி இடங்களில் தெருவுக்கு ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை இருக்கும், திருச்சியோ மதுரையோ எந்த ஊராக இருந்தாலும் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் போதும். அவர்கள் சில்லறை வேலைக்கு அதிகம் கேட்பது பூச்சுக்காக இல்லை, உங்கள் பைக்கின் முப்பது வருட அழுக்கைத் துடைக்கிற கூலிக்காக. அதோடு, கறுப்பு ஓடுகிற அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்களுக்காக கன்னையும் பவுடர் அடிக்கிற பூத்தையும் கழுவி நிறம் மாற்ற வேண்டியதில்லை என்றால் பெரிய ஆர்டரோடு சேர்த்து உங்கள் கொக்கியையும் தொங்கவிட்டுவிடுவார்கள், நான் கொண்டுபோன போதெல்லாம் அப்படித்தான் நடந்தது.